இந்த மாதத் தாழ்மை

இந்த மாதம் மனைவி ஒரு தப்பும் செய்யவில்லை. மீட்டர்காரரின் பிரச்சினை அதுதான்.

மாதத்தின் கடைசித் திங்கட்கிழமை. காலையில் முகம் கழுவப் போனவர் குளியலறைக் கண்ணாடியை விரலால் தேய்த்துப் பார்த்தார். விரலில் ஒன்றும் ஒட்டவில்லை. சோப்பு அதன் பெட்டியில் இருந்தது. பற்பசையை அடியிலிருந்து பிதுக்கி, பிதுக்கிய இடம் வரை சுருட்டி வைத்திருந்தாள். அறைக்கு வந்து சட்டையை எடுத்து ஒவ்வொரு பொத்தானாக இழுத்துப் பார்த்தார். ஒன்றுகூட வரவில்லை.

"என்னங்க தேடுறீங்க?" என்றாள் மனைவி.

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாததையா இவ்வளவு நேரமா தேடுறீங்க?"

அவர் சட்டையை மாட்டிக்கொண்டார். சனிக்கிழமை மத்தியானத்துக்குள் கட்டுரை போயாக வேண்டும்.

தண்ணீர் வாரியத்தில் வீடு வீடாகப் போய் மீட்டர் பார்ப்பது அவர் வேலை. சபையின் மாத இதழில் ஒரு பக்கம் எழுதுவது அவர் ஊழியம். பக்கத்தின் பெயர் 'குனிந்த தலை'. அன்றாட வாழ்வில் நடக்கும் ஒரு சின்னச் சம்பவம், அதிலிருந்து தாழ்மையைப் பற்றியோ நன்றியைப் பற்றியோ ஒரு பாடம், கடைசியில் நாலு வரி ஜெபம். ஆறு வருஷத்தில் எழுபத்தொரு கட்டுரைகள்.

சம்பவத்துக்கு அவர் எங்கேயும் அலைந்ததில்லை. வீட்டிலேயே கிடைத்தது. மனைவி சோற்றைக் குழைய விட்டாள். பல் இல்லாதவர்களை நினைத்து அவர் நன்றி சொன்னார். மனைவி குடையை பஸ்ஸில் விட்டுவிட்டு வந்தாள். நனைந்துகொண்டே மழைக்காக நன்றி சொன்னார். மனைவி கதவைப் பூட்ட மறந்தாள். திருடிக்கொண்டு போக எதுவும் இல்லாத எளிய வாழ்வுக்காக முழங்காலில் நின்றார். தப்பு அவளுடையது, மன்னிப்பு இவருடையது. வேலைப் பிரிவினை ஒரு சிக்கலும் இல்லாமல் நடந்துவந்தது.

அவருக்கு இரண்டு விதிகள் இருந்தன. ஒன்று, கட்டுரையில் மனைவியின் பெயரைப் போடக் கூடாது. யாரையும் கேவலப்படுத்துவது கிறிஸ்தவ குணம் அல்ல. அவருக்கு இருப்பது ஒரே மனைவி என்பது சபைக்குத் தெரியும் என்றாலும் விதி விதிதான்.

இரண்டாவது, தான் எழுதியதை மறுபடி படிக்கக் கூடாது. கோடு போட்ட தாளில் கையால் எழுதுவார். மனைவி தட்டச்சு செய்வாள். தட்டச்சு ஆனதை அவர் பார்ப்பதில்லை. அச்சில் வந்ததைத் தொடுவதே இல்லை. படித்தால் 'ஆகா' என்று தோன்றும். தோன்றினால் பெருமை. பெருமை வந்துவிட்டால் எழுபத்தொரு கட்டுரையும் வீண்.

யாராவது பாராட்ட வந்தாலும் விட மாட்டார். போன மாதம்கூட, பாட்டுக் குழுவில் பாடும் அம்மா ஒருவர் ஆலய வாசலில் அவரை நிறுத்தி, "அந்தக் குடை விஷயத்தை எழுதியிருந்தீங்களே" என்று ஆரம்பித்தார்.

மீட்டர்காரர் உள்ளங்கையைக் காட்டினார். "வேண்டாம்மா. என் எழுத்தை என் காதுலயே போடாதீங்க."

"சரி, சொல்லல. உணர்ந்துட்டீங்களே, அது போதும்."

என்னத்தை உணர்ந்தோம் என்று அவருக்குப் புரியவில்லை. ஆனாலும் தலையைக் குனிந்துகொண்டார். அந்த அம்மா தள்ளிப் போய் அவர் மனைவியின் கையைப் பிடித்து அழுத்திவிட்டுப் போனார். சபைப் பெண்கள் பல பேர் இப்படித்தான். இப்படிப்பட்டவளுக்கும் ஆறுதல் காட்டுகிறார்களே, எவ்வளவு அன்பான சபை என்று அவர் நினைத்துக்கொள்வார்.

இந்த மாதம் கட்டுரை முக்கியம். சபையை நடத்தும் மூப்பர்களில் ஒருவர் மகன் வீட்டோடு போய்விட்டதால் அவர் நாற்காலி காலியாக இருந்தது. பிரசங்க மேடைக்கு வலப்பக்கம், கைப்பிடி வைத்த நாற்காலி, சபையைப் பார்த்தபடி. பெஞ்சில் உட்கார்ந்து தலை குனிந்தால் பின்னால் இருப்பவருக்கு மட்டும்தான் தெரியும். அதுவும் தூங்குகிறார் என்று நினைத்துக்கொள்வார். அந்த நாற்காலியில் உட்கார்ந்து குனிந்தால் முந்நூறு பேருக்குத் தெரியும். மீட்டர்காரர் இருபது வருஷமாக அந்த நாற்காலியைக் கேட்காமல் இருந்தார். கேட்காமல் இருப்பது எல்லோருக்கும் தெரியும்படி பார்த்துக்கொண்டார்.

புது மூப்பர் யார் என்று வரும் ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் அறிவிப்பு. இதழும் அன்று காலையே கைக்கு வரும். போட்டியில் இருந்தவர்கள் இரண்டு பேர். இவர் தாழ்மை. பல் டாக்டர் நன்றி. சாட்சி சொல்லும் நேரத்தில் பல் டாக்டர் எழுந்தால் கடவுள் கொடுத்த முப்பத்திரண்டுக்கும் தனித்தனியாக நன்றி சொல்லாமல் உட்கார மாட்டார். வாயைத் திறந்து வைத்திருப்பவர்களிடமே பேசிப் பழகியவர், பதிலை எதிர்பார்க்காமல் பேசிக்கொண்டே போவார்.

வேலையிடத்தில் சம்பவமே கிடைக்காதா என்றால், கிடைக்கும். அந்தத் திங்கட்கிழமையே கிடைத்தது. ஒரு வீட்டு வாசலில் மீட்டர் குழியின் மூடியைத் திறந்து, எண்களைக் குறித்துக்கொண்டு, மூடாமல் அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார். பின்னாலேயே வந்த தபால்காரர் முழங்கால் வரை உள்ளே இறங்கினார். ஆனால் இதில் யாரை மன்னிப்பது? தபால்காரர் வேறு, "கண்ணை எங்கய்யா வச்சிருந்த?" என்று கேட்டுவிட்டார். கட்டுரைக்கு லாயக்கில்லாத சம்பவம்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஒரு யோசனை வந்தது. சொல்லாமல் கொள்ளாமல் அலுவலகத்திலிருந்து இரண்டு பேரைச் சாப்பிடக் கூட்டிக்கொண்டு போனார். வீட்டில் ஒன்றும் இருக்காது. அவள் பதறுவாள். எதையாவது தீய விடுவாள். பசியோடு உட்கார்ந்திருக்கும் விருந்தாளிகள் முன்னால் அவர் தலை குனிவார். கட்டுரை பாதி தயார்.

அவள் தட்டச்சு மேஜையிலிருந்து எழுந்தாள். ஒரு வக்கீல் அலுவலகத்துக்கு வீட்டிலிருந்தபடியே வாக்குமூலங்களைத் தட்டச்சு செய்து கொடுப்பவள் அவள். யார், எப்போது, என்ன செய்தார் என்பதை ஒரு வார்த்தை பிசகாமல் எழுதிப் பழகிய கை. அன்று முடிக்க வேண்டிய இருபது பக்கத்தை அப்படியே மூடி வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். அரை மணி நேரத்தில் மூன்று தட்டு வந்தது.

"அண்ணி, இந்த மாதிரி சாப்பிட்டு எவ்வளவு நாளாச்சு" என்றார் ஒருவர்.

"நீங்க குடுத்து வச்சவர் சார்" என்றார் மற்றவர். "எங்க வீட்ல இப்படிச் சொல்லாம போய் நின்னா எங்க மூணு பேரையும் சேர்த்து வெளிய வச்சுக் கதவைச் சாத்திடுவா."

மீட்டர்காரர் வாயில் சோற்றோடு கவலையில் இருந்தார். சாப்பாடு உண்மையிலேயே நன்றாக இருந்தது. உண்மையான நன்றி எழுதுவதற்கு உதவாது. அதில் தாழ்மை எங்கே இருக்கிறது?

புதன்கிழமை மாலை அவள் துணி தேய்த்துக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமைக்கான அவருடைய வெள்ளைச் சட்டை. அவளுடைய ஞாயிற்றுக்கிழமை உடுப்பும் பக்கத்தில் முறைக்குக் காத்திருந்தது. உருப்படியாக அவளிடம் இருந்தது அது ஒன்றுதான்.

அவர் பக்கத்து அறைக்குப் போய்க் கைபேசியிலிருந்து வீட்டு போனுக்கு அடித்தார். அவள் எடுக்கப் போனாள். அவர் இந்தப் பக்கமாக வந்து இஸ்திரிப் பெட்டியின் சூட்டுத் திருகைக் கடைசி வரை திருப்பிவிட்டு நின்றார்.

"யாரும் பேசல" என்று சொல்லிக்கொண்டே அவள் திரும்பி வந்தாள். பெட்டியைத் தூக்கினாள். உள்ளங்கையைக் கிட்டே கொண்டுபோனாள். திருகைப் பழைய இடத்துக்கே திருப்பினாள். அவரைப் பார்த்தாள். பிறகு சட்டையைத் தேய்த்து முடித்து, பெட்டியை அணைத்து, ஒயரைப் பிடுங்கிச் சுற்றி வைத்துவிட்டு, மிச்சத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று வக்கீல் வேலைக்குப் போனாள்.

அவருக்குக் கோபம் வந்தது. ஒரு மனிதன் மன்னிக்கத் தயாராக நிற்கும்போது எதிராளி இவ்வளவு பிடிவாதமாக இருக்கக் கூடாது.

ஒயரை மறுபடி மாட்டினார். தேய்த்த சட்டையை அவள் உடுப்பின் மேல் விரித்தார். பெட்டியைச் சட்டை மேல் வைத்தார். ஓரத்தில் லேசாக ஒரு பழுப்பு, அவ்வளவுதான் வேண்டும். பத்து வரை எண்ணிவிட்டு எடுத்துவிடலாம். நாலு எண்ணும்போது கைபேசி அடித்தது. போதகர்.

"பிரதர், நல்லா இருக்கீங்களா? வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கு உங்க வீட்டுக்கு வரலாம்னு இருக்கேன்."

"வாங்க பாஸ்டர். என்ன விஷயமா?"

"உங்களுக்குத் தெரியாததா? ஒருத்தரை மூப்பராப் போடுறதுக்கு முன்னாடி அவர் வீட்டைப் பார்க்கணும். அதுதான் முறை. பல் டாக்டர் வீட்டுக்கு நேத்துப் போயிட்டு வந்தேன்."

"எப்படி பாஸ்டர் இருந்தது?"

"எனக்கு ரெண்டு பல்லு ஆடுதுன்னார்."

போதகரிடம் ஆறு நிமிஷம் பேசினார். சட்டையில் இஸ்திரிப் பெட்டியின் அளவிலேயே ஓட்டை விழுந்தது. கீழே இருந்த உடுப்பிலும் அதே அளவு. அதற்குக் கீழே இருந்த போர்வை புகைந்துகொண்டிருந்தது.

"என்ன நாத்தம் அது?" என்று அவள் ஓடி வந்தாள்.

"பெட்டியை அணைக்காம விட்டுட்ட."

"நான் அணைச்சு ஒயரைச் சுத்தி வச்சேன்."

"வச்சதா நினைச்சிருப்ப. பரவாயில்ல. மனுஷன்னா மறதி இருக்கும். நான் மன்னிச்சிட்டேன்."

அவள் தன் உடுப்பை எடுத்து வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். அந்த ஓட்டை வழியாக அவர் தெரிந்தார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மடித்து வைத்தாள்.

மீட்டர்காரருக்கு இரண்டு நாளில் முதல் தடவையாக நிம்மதியாக மூச்சு வந்தது. கட்டுரை கிடைத்துவிட்டது.

வியாழக்கிழமை மத்தியானம் ஒரு மீட்டர் குழிக்குள் தலையை விட்டிருந்தபோதுதான் உறைத்தது. போதகர் எழுபத்தொரு கட்டுரைகளையும் படித்தவர். அவர் எப்படிப்பட்ட வீட்டை எதிர்பார்த்து வருவார்? குழைந்த சோறு, அறுந்த பொத்தான், தூசி, நின்றுபோன கடிகாரம். இங்கே வந்து பார்த்தால் என்ன இருக்கும்? பளிங்கு மாதிரி ஒரு வீடு. மனைவியைப் பற்றி ஆறு வருஷமாகப் பொய் எழுதியிருக்கிறான் இந்த ஆள் என்று நினைத்துவிட்டால்?

நாற்காலி பல் டாக்டருக்குப் போய்விடும்.

வெள்ளிக்கிழமை அரை நாள் விடுப்பு எடுத்தார். அவள் வக்கீல் அலுவலகத்துக்குப் பக்கங்களைக் கொடுக்கப் போயிருந்தாள். போவதற்கு முன் போதகருக்குக் கொடுக்க சூப் வைத்து மூடியிருந்தாள். அவர் மூடியைத் திறந்து நாலு கரண்டி உப்பைப் போட்டுக் கலக்கினார். சுவர்க் கடிகாரத்தின் பேட்டரியைக் கழற்றினார். தன் இன்னொரு நல்ல சட்டையில் இரண்டு பொத்தான்களைக் கத்தரித்தார். குழாயைக் கழற்றி, உள்ளே இருந்த வாஷரை எடுத்துவிட்டு மாட்டினார். குழாய் சொட்ட ஆரம்பித்தது. தண்ணீர் வாரியத்துக்காரராக அந்த ஒரு காரியத்துக்கு மட்டும் அவருக்கு மனசாட்சி உறுத்தியது.

ஐந்து மணிக்கு அவள் வந்தாள். சொட்டும் குழாயைப் பார்த்தாள். சூப்பை ஒரு சொட்டு நாக்கில் வைத்தாள். ஒன்றும் கேட்காமல் சின்னப் பாத்திரம் ஒன்றை எடுத்து அடுப்பில் வைத்தாள்.

மிச்சம் இருந்தது தூசி. அந்த வீட்டில் தூசி கிடைக்காது என்பதால் வாசல் மிதியடியைச் சுருட்டிக்கொண்டு வந்தார். கூடத்தில் ஸ்டூல் மேல் ஏறி, புத்தக அலமாரியின் மேல்தட்டில் மிதியடியைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"பிரதர்?"

போதகர் இருபது நிமிஷம் முன்னாலேயே வந்துவிட்டார். திறந்த கதவில் நின்று, மிதியடியையும் அலமாரியையும் ஸ்டூலையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன பண்றீங்க?"

"வீட்டு வேலைல கொஞ்சம் உதவி பாஸ்டர்" என்றார் மீட்டர்காரர். அவர் தலையிலும் தூசி இருந்தது.

போதகரின் கண் கலங்கியது. "நீங்க எழுதறதெல்லாம் கொஞ்சம் மிகையோன்னு நினைச்சிருந்தேன் பிரதர். மன்னிச்சுக்குங்க. அப்படியே எழுதின மாதிரியே இருக்கு."

மீட்டர்காரருக்கு உயிர் வந்தது. ஸ்டூலிலிருந்து இறங்கினார். "எழுதினது கம்மிதான் பாஸ்டர்."

"அப்படியா" என்றார் போதகர் மெதுவாக.

சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தார்கள். குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் சின்னப் பாத்திரத்திலிருந்து போதகருக்கு ஊற்றினாள். பெரிய பாத்திரத்திலிருந்து கணவருக்கு ஊற்றினாள்.

"அருமையா இருக்கும்மா" என்றார் போதகர்.

இது திட்டத்தில் இல்லாதது. மீட்டர்காரர் தன் கிண்ணத்தில் ஒரு வாய் குடித்தார். கண்ணில் தண்ணீர் முட்டியது. சிரமப்பட்டு விழுங்கினார். "பாஸ்டர், இதையும் ஒரு கரண்டி பாருங்க."

"போதும் பிரதர்."

"ஒரு கரண்டி. எனக்காக."

போதகர் குடித்தார். தண்ணீர் டம்ளரைக் காலி செய்தார். அடுத்து மீட்டர்காரரின் டம்ளரையும் காலி செய்தார். "இது என்ன?"

"அது அவர் கைபட்டது" என்றாள் அவள்.

மீட்டர்காரர் சிரித்தார். பழியை என் மேல் போட்டாலும் பொறுத்துக்கொள்கிறேன் பாருங்கள் என்ற அர்த்தம் தெரியும்படி ரொம்ப நேரம் சிரித்தார். "பார்த்தீங்களா பாஸ்டர்?"

"பார்த்தேன்" என்றார் போதகர்.

கிளம்புவதற்கு முன் போதகர் அவள் பக்கம் திரும்பினார். "அம்மா, உங்களுக்கு ஏதாவது சொல்லணுமா?"

அவள் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். "சொல்ல வேண்டியதெல்லாம் மாசா மாசம் அச்சுல வருதே பாஸ்டர். நீங்க படிக்கிறீங்கல்ல?"

"ஒரு வரி விடறதில்லம்மா. நல்லா வருது" என்றார் போதகர். கடிகாரத்தைப் பார்த்தார். அது நின்றிருந்தது. தன் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு ஜெபிக்க எழுந்தார். இந்தச் சகோதரருக்குக் கொடுத்த தைரியத்துக்காகவும், இந்தச் சகோதரிக்குக் கொடுத்த பொறுமைக்காகவும் நன்றி சொன்னார். மீட்டர்காரருக்கு அவசரத்தில் போதகர் இரண்டையும் மாற்றிச் சொல்லிவிட்டாரோ என்று பட்டது. பெரியவர்கள் தப்பையும் மன்னித்தார்.

சனிக்கிழமை காலை கட்டுரை ஒரே மூச்சில் வந்தது. எரிந்த சட்டை, உப்புச் சூப், அலமாரித் தூசி. ஒரே வாரத்தில் மூன்று சோதனைகள், மூன்று மன்னிப்புகள், கடைசியில் ஜெபம். ஒரு சட்டை எரிந்ததே, இன்னொரு சட்டை இருக்கிறதே என்று நன்றி சொல்லும் இடத்தில் அவருக்கே அழுகை வந்தது. உடனே தாளைக் கவிழ்த்து மனைவியிடம் கொடுத்தார்.

அவள் இரண்டு பக்கமும் படித்தாள்.

"என் உடுப்பு எரிஞ்சது இதுல இல்லையே."

"அது எதுக்கு? சட்டைதானே விஷயம்."

"உப்பு நான் போட்டேன்னு எழுதியிருக்கீங்க."

"இந்தா பாரு, உன்னைக் குத்தம் சொல்லவா எழுதறேன்? நம்மளோட குறையைச் சபைக்குத் திறந்து காட்டினாத்தான் நாலு பேருக்குப் பாடம். நமக்கு வெக்கம் பார்த்தா ஆகாது."

"வெக்கம் பார்க்கலங்க. நடந்ததை நடந்தபடி போடணுமா, இல்ல எப்படிப் போடணும்னு கேக்கறேன்."

"நடந்தது நடந்தபடி. கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. சபை இதழ் அது. பொய் எழுதற இடமில்ல."

"சரிங்க" என்றாள். "எப்பவும் போல நடந்தபடியே போட்டுடறேன்."

விசைகள் மழை மாதிரி சத்தம் போட்டன. அவர் கேட்கக்கூடாது என்று வாசலுக்குப் போய் நின்றுகொண்டார். அங்கே ஆலயத்துச் சாவிக்காரர் சைக்கிளை நிறுத்திக்கொண்டிருந்தார். ஆலயக் கதவைத் திறந்து பூட்டுவது அவர் பொறுப்பு. இதழுக்கான தாள்களை வீடு வீடாக வாங்கி அச்சகத்தில் கொடுப்பதும், அச்சடித்து வந்ததைப் பின் அடித்து வாசலில் நின்று விநியோகிப்பதும் அவர்தான். அவள் உறையை ஒட்டிக் கொண்டுவந்து கொடுத்தாள்.

"அம்மா, கண்ணு சிவந்திருக்கே?" என்றார் சாவிக்காரர்.

"டைப் அடிச்சு அடிச்சு அப்படித்தான்" என்றார் மீட்டர்காரர்.

ஞாயிற்றுக்கிழமை ஆலயம் நிறைந்திருந்தது. அவள் பழைய உடுப்பில் கடைசி வரிசைக்குப் போனாள். அவர் பொத்தான் இல்லாத சட்டையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்தார். முந்நூறு பேரும் இதழைத் திறந்து வைத்துக்கொண்டு அவரையே பார்ப்பது முதுகில் தெரிந்தது. அவர் திரும்பவில்லை. திரும்பினால் பெருமை.

போதகர் மேடையில் நின்று தொண்டையைச் செருமினார். "நம்மில் ஒருத்தர் மாசா மாசம் தன் வீட்டுக் கதவைத் திறந்து போட்டு, உள்ள என்ன நடக்குதுன்னு ஒளிக்காம எழுதறார். ஊருக்கு முன்னாடி இப்படித் தன்னைத் தாழ்த்திக்க எனக்கே தைரியம் வராது. இந்த மாசம் எழுதினதை இன்னைக்குக் காலைல படிச்சிட்டு நான் காபியைக் கீழ வச்சிட்டேன். வெள்ளிக்கிழமை அவர் வீட்டுக்குப் போனேன். அவர் எழுதினது அத்தனையும் உண்மை. என் கண்ணால பார்த்தேன்."

பல் டாக்டர் எழுந்தார். அவர் கையிலும் இதழ் இருந்தது. "நான் விலகிக்கிறேன் பாஸ்டர். இதைப் படிச்ச பிறகு நான் நன்றி சொல்றேன்னு வாயைத் திறக்கவே கூசுது." சொல்லிவிட்டு, முதல் தடவையாக ஒரே வாக்கியத்தில் உட்கார்ந்தார்.

மீட்டர்காரரைக் கையைப் பிடித்து மேடைக்கு அழைத்துப் போனார்கள். அவர் மறுத்தார். இரண்டு தடவைதான் மறுத்தார். மூன்றாவது தடவை ஆபத்து. நாற்காலி நினைத்ததைவிட மெத்தென்று இருந்தது. உட்கார்ந்து, சபையைப் பார்த்து, இருபது வருஷமாக ஒத்திகை பார்த்தபடி மெதுவாகத் தலையைக் குனிந்தார். முந்நூறு பேருக்கும் தெரிந்தது.

"ரெண்டு வார்த்தை சொல்லுங்க மூப்பரய்யா" என்றார் போதகர்.

அவர் எழுந்தார். "இதுக்கெல்லாம் காரணம் நான் இல்ல. என் மனைவி. அவ இல்லைன்னா எனக்கு எழுத ஒண்ணுமே இருந்திருக்காது."

எங்கேயோ ஒரு விசும்பல் கேட்டது. முந்நூறு தலைகளும் கடைசி வரிசைக்குத் திரும்பின. அவள் தன் மடியில் இருந்த இதழைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தலைகள் மெதுவாக முன்பக்கம் திரும்பின. பாட்டு ஆரம்பித்தது.

ஆராதனை முடிந்து வாசலுக்கு வர அரை மணி நேரமானது. அத்தனை பேரும் கை குலுக்கினார்கள். சில பேர் கட்டிப் பிடித்தார்கள். அவள் அதற்குள் கேட்டைத் தாண்டித் தெருவில் தனியாக நடந்துகொண்டிருந்தாள். யாரும் அவளை நிறுத்தவில்லை.

சாவிக்காரர் மிச்ச இதழ்களைக் கட்டிக்கொண்டிருந்தார். பழக்கத்தில் ஒன்றை நீட்டினார்.

மீட்டர்காரர் புன்னகையோடு கையைக் காட்டி மறுத்தார். "நான் படிக்கிறதில்லைன்னு உனக்குத் தெரியாதா? மூப்பர் ஆயிட்டேன்னு விதியை மாத்திக்க முடியுமா?"

"எழுதினவருக்குப் படிச்சுத்தான் தெரியணுமா மூப்பரய்யா" என்றார் சாவிக்காரர், கதவைப் பூட்டிக்கொண்டே. "என் மனைவி உடுப்பை எரிச்சது நான்தான், சூப்புல உப்பைக் கொட்டினது நான்தான், அன்னைக்குக் குடையை பஸ்ஸுல விட்டதும் நான்தான், பழியை எல்லாம் அவ தலையில போட்டதும் நான்தான்னு ஆறு வருஷமா மாசா மாசம் நீங்களே ஒத்துக்கிட்டு எழுதறீங்க, ஒரு ஆளாவது அந்த அம்மாகிட்டப் போய் என்னம்மான்னு ஒரு வார்த்தை கேப்பாங்கன்னு பார்த்தேன், உங்களுக்கு நாற்காலியைப் போட்டுட்டாங்க."